சவரிமுத்துவின் கோடு

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவள் கைகளை மடியில் வைத்துக் காத்திருந்தாள். திரையில் ஒரு வெள்ளைக் கட்டம். அதற்குள் ஒன்றும் இல்லை. எந்தப் பொத்தானைத் தட்டினாலும் அசையவில்லை.

காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை.

அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பிரிண்டர் வயரைப் பிடுங்கிப் பார்த்தாள். கால் மணி நேரம் தொடாமலும் விட்டுப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் மற்றதெல்லாம் திறக்கிறது. மூச்சை அளந்து காட்டுகிற இந்த ஒன்று மட்டும் தொடங்குகிற இடத்திலேயே நின்றுபோகிறது.

பதினோரு மணிக்கு அதிகாரி வருவார்.

சங்க அறைக்கு வெளியே கல் உடைக்கிற கிரஷர் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அறுபது பேருக்கு மேல் இருக்கும். எல்லோரும் ஒரு குழாயில் வாய் வைத்து ஊதியவர்கள். ஊதிய மூச்சு வயர் வழியாக உள்ளே போய்க் கோடாக விழும். நல்ல நெஞ்சென்றால் கோடு மலை போல எழும்பும். இவர்களுடையது வரப்பு உயரம்.

அவளுடையதும் அப்படித்தான். அவளும் பத்தொன்பது வருடம் ஜல்லி அள்ளியவள்.

அந்தக் கோட்டைக் கையால் வரைய முடியாது. அதைப் பார்த்துத்தான் கல் தூசியால் வந்த நோய் என்று அதிகாரி எழுதித் தருவார். எழுதினால்தான் நஷ்டஈடு.

கோடு இல்லாதவருக்கு நோய் இல்லை.

போன் அடித்தது. கோகிலா. டாக்டர் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண்.

"யக்கா, பாத்துட்டேன். அது கடைசியா செஞ்ச வேலையத்தான் மொதல்ல தொறக்கப் பாக்குது. சனிக்கிழமை ஃபைலு. அது கெட்டுப் போச்சு. அத அழிச்சிருங்க, மத்ததெல்லாம் வந்துரும்."

"எடுத்து வேற எடத்துல வச்சுக்கிட்டா?"

"வச்சு என்னக்கா பண்ண, வெத்துக்கூடு. நானும் இங்கருந்து மூணு தடவ நோண்டிட்டேன். சனிக்கிழமை முறைப்படி மூடிட்டுத்தான கெளம்புனீங்க?"

அவள் போனை வைத்தாள்.

கிரஷரில் வேலை முடிந்தால் முதலில் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். பெல்ட்டில் கை போன இரண்டு பேரை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு எந்த இடத்தை விட்டு எழுந்தாலும் கை தானாக மெயினுக்குப் போகும்.

சனிக்கிழமையும் போனது. கோடுகள் உள்ளே எழுதி முடிவதற்குள் இறக்கிவிட்டாள்.

அன்று ஊதியவர்கள் ஏழு பேர்.

ஆறு பேர் வெளியே இருக்கிறார்கள். அடுத்த வாரம் மறுபடி ஊதச் சொல்லலாம். முனகுவார்கள், ஊதிவிடுவார்கள்.

ஏழாவது ஆள் சவரிமுத்து. குழாயைக் கையில் வாங்கிக்கொண்டு, "எக்கா, இருக்கதே கொஞ்சம். அதையும் இதுக்குள்ள விடச் சொல்லுதியளா," என்று சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்து, கால் மணி நேரம் கழித்துத்தான் ஊதினான்.

செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்தார்கள்.

சாவு வீட்டு வாசலில் நின்று கிரஷர் மேனேஜர், பீடி குடிச்சே போய்ச் சேந்துட்டான் என்றார். சவரிமுத்துவின் பெண்டாட்டி ஞானப்பூ தலை நிமிரவில்லை. வியாழக்கிழமை கோட்டைக் காட்டிப் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

இன்று வியாழக்கிழமை.

மணி பத்தரை.

நிச்சயமாக நீக்கவா என்று திரை கேட்டது.

அவள் நீக்கினாள்.

வட்டம் ஒரு சுற்று சுற்றி நின்றது. வெள்ளைக் கட்டம் நிறைந்தது. பெயர்கள் மேலிருந்து கீழாக வந்து விழுந்தன. வெள்ளிக்கிழமை வரைக்கும்.

வெளியே யாரோ, "வந்துருச்சாம்லே," என்றார்கள்.

முதலில் உள்ளே வந்தது ஞானப்பூதான். தலையில் முக்காடு. கையில் ரேஷன் கார்டு வைத்த மஞ்சள் பை. நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அவுக ஊதுனது எது, மதினி?"

அவள் திரையைப் பார்த்தாள். மேலே போனாள். கீழே வந்தாள். அம்புக்குறி எங்கேயும் நிற்க மாட்டேன் என்றது.

சொல்லிவிடலாம். நான் மெயினை இறக்கிவிட்டேன் ஞானப்பூ. ஒரு வரிதான்.

வாய் திறந்தாள். மூச்சுத்தான் வந்தது.

பிறகு தன்னுடைய கோட்டைத் திறந்தாள்.

"இது."

ஞானப்பூவுக்கு எழுத்துத் தெரியாது. குனிந்து, திரைக்குச் சமீபத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். கோடு கொஞ்சம் ஏறி, சட்டென்று சரிந்து, தரையோடு தரையாக ரொம்ப தூரம் போயிருந்தது. அந்தத் தூரம் முழுக்க ஞானப்பூ விரலைத் தொட்டும் தொடாமலும் நகர்த்திக்கொண்டு போனாள்.

"கடைசி வரைக்கும் விடாமத்தான் ஊதியிருக்காக, என்ன மதினி."

"ஆமா."

"பீடியாம்ல."

ஞானப்பூ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். வாசலில் யாரிடமோ, பாத்துட்டேன், இருக்கு, என்று சொல்வது கேட்டது.

மணி பத்தே முக்கால்.

கோட்டுக்கு மேலே இருந்த தன் பெயரில் அவள் அம்புக்குறியை வைத்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து எடுத்தாள். ஒற்றை விரலால் வேறு பெயரை அடித்தாள். சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை வாசித்தாள்.

அடுத்த கட்டத்தில் பெண் என்றிருந்தது.

அதையும் எடுத்தாள்.