பெரிய பெட்டிக்குக் குடிபோன எலி

பழைய சேலைத் துணியைப் பல்லால் கிழித்துக் குட்டிகளுக்கு மெத்தை போட்டுக்கொண்டிருந்தது அம்மா எலி. கூடத்து மூலையில் கிடந்த பழைய வூஃபர் ஒலிபெருக்கிப் பெட்டிதான் அதன் வீடு. வீட்டுக்காரர் இதன் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே இரண்டு மடங்கு பெரிய புது வூஃபரைக் கொண்டுவந்து சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

"அடியே, கிளம்பு! அந்தப் பெரிய பெட்டிக்குக் குடிபோறோம்," என்றது அப்பா எலி. "பரண்மேல இருக்கிற எலிங்கல்லாம் என்னைச் சின்னப் பெட்டிக்காரன்னு கேலி பண்ணுதுங்க."

"அது கத்துமேங்க. புள்ளைங்க எப்படித் தூங்கும்?"

புது வூஃபர் சிரித்தது. "நான் வாயைத் திறந்தா தெருவே அதிரும். இந்த அருமை உனக்கெங்கே தெரியும்?"

"தெருவுக்கா நான் புள்ளை பெத்தேன்?" என்று முணுமுணுத்துவிட்டுத் துணியைக் கிழித்தது அம்மா எலி.

அப்பா எலி மீசையை நீவிக்கொண்டு, பெரிய பெட்டியின் பின்பக்க ஓட்டைக்குள் ஏறிக் காலை நீட்டிப் படுத்தது. "இடம்னா இதுதான் இடம்!"

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் படம் போட்டார். முதல் சண்டை. 'தொம்' என்று ஒரே ஒரு அடி. உள்ளிருந்து வந்த காற்று அப்பா எலியைத் தூக்கி வீசியது. அது சுவரில் மோதி, சின்னப் பெட்டி வாசலில் வந்து விழுந்தது.

அம்மா எலி எட்டிப் பார்த்தது. "வாங்க, பெரிய பெட்டிக்காரரே! பால் காய்ச்சியாச்சா?"

"என்னது? காதே கேக்கலைடி!"

"ஒண்ணுமில்லீங்க. பரண்மேல யாராவது விசாரிச்சா, வீடு நல்ல காத்தோட்டம்னு சொல்லிடறேன்."

"அம்மா!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டது, சத்தத்தில் விழித்துக்கொண்ட ஒரு குட்டி.