விழுந்தால் எழுவது எப்படி

எல்லோரும் பாயில் படுத்தாயிற்று. தையலக்கா மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

சமூகக்கூடத்தில் முதியோருக்கு நடக்கும் உடற்பயிற்சி வகுப்பு அது. கீழே விழுந்தால் யார் துணையும் இல்லாமல் எப்படி எழுந்திருப்பது என்பதுதான் இன்றைய பாடம்.

இத்தனை நாள் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கியவர்களுக்குத் தரையில் உருளுவது பெரிய வேடிக்கையாக இருந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் படுத்த வேகத்தில் குறட்டை விட்டுக் காட்டினார். அடுத்த பாயில் கிடந்த அம்மாள், தன்னை யாரும் எழுப்ப வேண்டாம், வீட்டில் பாத்திரம் கழுவாமல் கிடக்கிறது என்றாள்.

தையலக்கா வாசலைப் பார்த்தாள்.

வாசலை ஒட்டிய பெஞ்சில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். மடியில் அவளுடைய கைப்பை. பக்கத்தில் அவளுடைய தண்ணீர் பாட்டில்.

அவர் தலையசைத்தார். அவள் படுத்தாள்.

இப்படி ஒரு மனிதர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அந்தக் கூடத்தில் சொல்லாதவர் கிடையாது. மருந்துக்கடை வைத்திருந்தவர். எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது, எதைப் பின்னால் போடுவது என்று யார் கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்வார். மனைவி அடிக்கடி விழுகிறாள், உடம்பைத் தேற்ற வேண்டும் என்று எலும்பு மருத்துவர் கண்டித்துச் சொன்னதும் அவரே கூட்டிவந்து சேர்த்துவிட்டார். ஒரு நாளும் அவளைத் தனியாக அனுப்பியதில்லை.

முறிந்து கூடிய கை எப்படி இருக்கிறது என்று யாராவது அவளைக் கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து பதில் வந்துவிடும். ஒருமுறை மாடிப்படி. ஒருமுறை குளியலறை. ஒருமுறை கால்மிதி. கண்ணெல்லாம் தையல் மெஷின்மேலேயே இருந்தால் காலுக்கு எப்படி வழி தெரியும் என்பார்.

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

பாடம் சொல்லிக்கொடுக்கும் பிசியோ பெண்ணுக்குத் தையலக்காவின் மகள் வயதுகூட இருக்காது. விழுந்ததும் பதறி எழக்கூடாது, முதலில் அசையாமல் கிடந்து எங்கே வலிக்கிறது என்று பாருங்கள், பிறகு ஒருக்களித்து, முட்டி போட்டு, எதையாவது பிடித்து எழுங்கள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அவள் சொல்லி முடிக்கும்போது தையலக்கா எழுந்து நின்றிருந்தாள்.

மற்றவர்கள் ஆமையைக் கவிழ்த்துப் போட்டதுபோலக் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் படுத்தபடியே கைதட்டினார். அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், இன்னொரு தரம் செய்து காட்டுங்கள் என்றாள் பிசியோ பெண்.

தையலக்கா மறுபடி படுத்தாள்.

முழங்கையை மடக்கி முகத்துக்குக் குறுக்கே வைத்துக்கொண்டாள். முட்டிகளை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டாள். மூச்சுச் சத்தம்கூட வெளியே வராமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். அப்புறம் சுவர்ப்பக்கமாக நகர்ந்து, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு மெல்ல மேலே வந்தாள்.

எல்லாம் பழக்கம்தான் என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது. கூடமே சிரித்தது.

பிசியோ பெண் சிரிக்கவில்லை.

அவள் போய் நாற்காலிகளை இழுத்துவந்தாள். மற்றவர்கள் பிடித்து எழ வேண்டுமே என்று சொல்லிக்கொண்டே பாய்களுக்கும் வாசலுக்கும் நடுவில் வரிசையாகப் போட்டாள். பிறகு தையலக்காவிடம், கால் வைக்கும் முறையில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது, கடைசியாக ஒரு தரம் படுங்கள் என்றாள்.

தையலக்கா படுத்தாள். பிசியோ பெண் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

தரையிலிருந்து பார்க்கையில் கூடம் முழுக்க நாற்காலிக் கால்கள்தான். அவற்றின் இடுக்கில் இரண்டு கறுப்பு ஷூக்கள் மட்டும் தெரிந்தன. முகம் தெரியவில்லை.

தன் முகமும் அங்கிருந்து தெரியாது என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

ஷூக்கள் எழுந்து நின்றன. என்ன ஆச்சு, நான் வரட்டுமா என்று அவர் கேட்டார். கேட்டுக்கொண்டே நடந்து வந்தார்.

பாயை ஷூவோடு மிதிக்கக்கூடாது, கழற்றிவிட்டு வாருங்கள் என்று பிசியோ பெண் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். அதற்குப் பிறகு அவள் குரல் அடுத்த பாய்க்குக்கூடக் கேட்காத அளவுக்கு இறங்கியது.

"கடைசியா எப்படிம்மா விழுந்தீங்க?"

மாடிப்படி என்று சொல்லலாம். குளியலறை என்று சொல்லலாம். ஈரத்தரை என்பது இன்னும் சுலபம். மூன்றும் நாக்கு நுனியில் தயாராக இருந்தன.

பாயின் விளிம்பில் ஷூக்கள் நின்றுவிட்டன. நாடாவை அவிழ்க்க அவர் குனிந்தார். முதலில் விரல்கள் தெரிந்தன. அப்புறம் மோவாய். இன்னும் கொஞ்சம் குனிந்தால் கண்களும் வந்துவிடும்.

தையலக்கா பிசியோ பெண்ணின் சட்டைக் கையைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தாள்.

"நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூட விழுந்ததில்லம்மா."