கூறைப்புடவையின் மறுமுனை

"தம்பி, இழுத்துப் புடிக்காத. தளர புடி."

விருத்தாம்பாள் புடவையின் முந்தானையைப் பிடித்திருந்தாள். மறுமுனையில் அந்த ஆள்.

சிதம்பரம் கீழவீதியில் அந்த மாடிக் கட்டடம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. விடிகாலையில் மாடியில் இருந்த, பை விற்கும் கடையில் தீ. தீயணைப்பு வண்டி அடித்த தண்ணீர் நெருப்பை அணைத்த கையோடு, கீழே லோகநாயகியின் தையல் கடைக்குள் இறங்கிவிட்டது.

குஞ்சம் கட்டக் கொடுத்திருந்த மகளின் கூறைப்புடவையை வாங்கத்தான் விருத்தாம்பாள் பெண்ணாடத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். நாளை மறுநாள் முகூர்த்தம்.

வந்து பார்த்தால் கடைக்குள் கணுக்கால் தண்ணீர். லோகநாயகி துணிகளை வாரி வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஆள்தான் நனைந்த குவியலுக்குள் கைவிட்டுப் புடவையை உருவி எடுத்தான். கடையில் வேலை செய்கிறவன் போல. கையெல்லாம் கரி. போய்க் கழுவிக்கொண்டு வா என்று விருத்தாம்பாள்தான் விரட்டினாள்.

அரக்குச் சிவப்புப் பட்டு, மஞ்சள் கரை. பிழியக் கூடாது. வெயிலில் போடக் கூடாது. சிவப்புச் சாயம் கரையில் ஏறிவிட்டால் அவ்வளவுதான், மணமேடையில் ஊரே பார்க்கும்.

ஆளுக்கொரு முனையைப் பிடித்து, நிழலில் காற்றாட வீசிக்கொண்டே இருந்தார்கள்.

கையோடு சேர்ந்து அவள் வாயும் ஓயவில்லை.

"மேல கடை வெச்சிருக்கானே ஒரு புண்ணியவான், ஊதுவத்திய கொளுத்தி வெச்சிட்டு மறந்து போயிருப்பான். அவன் கடை எரிஞ்சதுக்கு எம்பொண்ணு பொடவ குளிக்குது!"

அவன் சிரித்தான். "நல்லா திட்டுங்கக்கா. மனசுல வெச்சிக்காதீங்க."

"எட்டிக்கூடப் பாக்கல பாரு. ஊட்டுல குந்திக்கினு காப்பி குடிப்பான்."

"காப்பியா? கெடைச்சா நல்லாத்தான் இருக்கும்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஈரம் விலகியது. கரையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. ஒரு பொட்டு சிவப்பு இல்லை. புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு வந்துடணும் தம்பி. இருந்து சாப்புட்டுத்தான் போவணும்."

"வரேன்க்கா. இனிமே கொஞ்ச நாளைக்கி கடை தொறக்குற வேலை இல்ல."

ஓரம் ஓரத்தோடு சேர்த்து மடித்தபடி நெருங்கி வந்தான். அவன் முனை அவள் கைக்கு வந்த நேரம், உள்ளேயிருந்து லோகநாயகி குரல் கொடுத்தாள்.

"சார்லஸண்ணே! பொகை அடங்கிடுச்சாம். உங்க கடையப் பாக்க மேல கூப்புடுறாங்க."

அவன் புடவையின் மேல் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டுவிட்டுப் படியேறினான்.

விருத்தாம்பாள் புடவையை மார்போடு அணைத்தபடி படிக்கட்டு வரை ஓடினாள்.

"தம்பி! முகூர்த்தத்துக்கு வராத. பொண்டாட்டி புள்ளைங்கள கூட்டிக்கினு நாளைக்கே வந்துடு. பொண்ணழைப்புல எங்க ஊட்டு ஆளா நீ முன்னால நிக்கணும்!"