துரை கல்லறையில் அமிர்தசாமி

“கடப்பாறைய நல்லா உள்ள செருவுங்கண்ணே! செத்தவன் எழுந்து கடிச்சுடப் போறானா இன்னா?”

முகமெல்லாம் சுண்ணாம்பு தெறித்திருந்த கண்ணையன் சிரித்தான். சுப்பராயலு சிரிக்கவில்லை. கடலூர்ச் சிறையிலிருந்து தப்பி, எல்லை தாண்டிப் பிரெஞ்சு மண்ணில் ஒளிந்த அமிர்தசாமி செத்துப்போனான் என்பதை அவர் நம்பத் தயாராக இல்லை. அகப்பட்டால் அவனுக்கு அந்தமான்தான். அகப்பட வைக்கத்தான் இங்கிலீஷ் போலீஸ்காரரான அவர், செத்தவனுக்கு உறவு, எலும்பையாவது பார்த்துக் கும்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வில்லியனூர்ப் பக்கத்து மாதா கோயிலுக்கு வந்திருந்தார்.

மறுநாள் கல்லறைத் திருநாள். தோட்டம் முழுக்க வெள்ளையடிப்பு.

“துரைமாருங்க வரிசையில உள்ளூர்க்காரன எப்படிப்பா வெச்சீங்க?”

“ரெண்டு வருசம் முன்ன காலரா. குழி தோண்ட ஆளு ஏது? இந்தத் துரை செத்து நூறு வருசம், எலும்பே மாவாப் போயிருந்துது. அள்ளிக் கொட்டிட்டு இவன உள்ள வெச்சோம்.”

பக்கத்தில் ரோசம்மாள், அமிர்தசாமியின் மனைவி. கழுத்தில் தாலி இல்லை. கண்ணில் ஈரமும் இல்லை.

“நீ ஏம்மா அழல?”

“சாவுக்கு வராத ஒறவெல்லாம் கல்லறைக்கு வருது. அதப் பாத்தா சிரிப்புதான் வருது.”

காலிக் குழியாகத்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினார். கருங்கல் மூடி ஒரு சாண் நகர்ந்தது.

உள்ளே மண்டையோடு. விலா எலும்புகள்.

சுப்பராயலு பதறிப்போய்ச் சிலுவை போட்டார். வலது தோள், பிறகு இடது தோள்.

“இடது தோளு மொதல்லண்ணே,” என்றான் கண்ணையன் மெதுவாக. “எந்தக் கோயில்ல உங்களுக்கு ஞானஸ்நானம்?”

நாலைந்து பேர் வெள்ளையடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சுப்பராயலு கடப்பாறையைக் கீழே போட்டார். இங்கே அவருடைய அதிகாரம் செல்லாது. எலும்பைத்தான் கண்ணால் பார்த்தாயிற்றே! துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எல்லைக்குப் போகும் மதகடிப்பட்டுச் சாலையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

அவர் தலை மறையும்வரை ரோசம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழிக்குள் எட்டிப் பார்த்துக் கும்பிட்டாள்.

“துரை, நூறு வருசம் ஆயும் எலும்பு உளுத்துப் போவாம காப்பாத்தின, நீ நல்லா இருக்கணும்.”

மூடியைத் தள்ளிவிட்டு மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்த கண்ணையனின் கையைப் பிடித்தாள்.

“போதும்யா, உன் கல்லறைக்கு நீயே எத்தினி பூச்சு பூசுவ? வூட்டுக்கு வா, கஞ்சி ஆறுது.”