முதல் விமர்சனம் நௌபருடையது

கடைசிக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே நௌபர் எழும்பிவிட்டான்.

"எங்க போறீங்க? இனித்தானே முடிவு" என்றாள் பக்கத்துக் கதிரையில் இருந்த மனைவி சுஹைரா.

"முடிவு எனக்குத் தெரியும். நீ இருந்து பார்த்திட்டு வா."

திருகோணமலையில் எந்தப் படம் காட்டினாலும் முதல் விமர்சனம் நௌபருடைய முகநூல் பக்கத்தில்தான் வரவேண்டும். அது அவன் கட்டிக் காத்துவரும் கௌரவம். அந்தக் கௌரவத்துக்காக எந்தப் படத்தையும் அவன் கடைசிவரை பார்ப்பதில்லை.

இன்றைக்கு எழும்பியதற்கு வேறு காரணமும் இருந்தது. வயிறு எரிந்தது.

படம் எடுத்தவன் தர்சன். அன்புவழிபுரத்துக்காரன், நௌபரின் நெடுநாள் கூட்டாளி. படத்தில், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாய் வந்த ஒருவனைப் பெரிய வகுப்பு மாணவர்கள் அடிக்கிறார்கள். அவனுடைய நண்பன் அதையெல்லாம் போனில் பிடிக்கிறான். அந்தப் போன் பிறகு யாரோ ஒருவர் கையில் கிடைக்கிறது. அதில் இருந்ததுதான் முழுப் படமும். நிஜப் பதிவுபோலத் தெரியவேண்டும் என்று முன்னுக்கு ஒரு பெயரும் போடாமல் நேரே தொடங்கியது.

மண்டபம் மூச்சுவிடாமல் பார்த்தது. முன்வரிசையில் இருந்த பள்ளிக்கூட அதிபர் ஒருவர் இரண்டு தரம் கண்ணைத் துடைத்தார்.

அந்தக் கதை நௌபருடையது.

போன வருடம் உட்துறைமுகப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் வைத்து, காட்சி காட்சியாய் அவன்தான் சொன்னான். தர்சன் வாய் திறக்காமல் கேட்டான். பிறகு அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. திடீரென்று ஒருநாள் சுவரொட்டி வந்தது. அதில் தர்சனின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

கைதட்டல் முழுக்க எடுத்தவனுக்கு. கதை சொன்னவனுக்குக் கிடைத்தது ஒரு பிளேன்டீ. நௌபர் பெரிதாய் ஒன்றும் கேட்கவில்லை. திரையில் ஒரு மூலையில் தன் பெயர் வந்தால் போதும் என்றிருந்தான்.

மண்டபத்துக்கு வெளியே கடற்கரைக் கட்டுச்சுவரில் போய் இருந்தான். படத்துக்குப் பிந்தி ஓடிவந்த பக்கத்து வீட்டுத் தம்பி முனாஸ் அவனைக் கண்டு நின்றான்.

"படம் எப்படி காக்கா? தர்சன் நல்லாச் செஞ்சிருக்கார் எண்டு ஊரெல்லாம் கதை."

"ஊர் கதைக்கும். நீ போய்ப் பாரன்."

முனாஸ் உள்ளே ஓடினான். நௌபர் போனை எடுத்தான்.

'என் கதையைத் திருடிவிட்டான்' என்று எழுதலாம். யார் நம்புவது? சாட்சிக்குத் தேநீர்க் கடைக்காரரையா கூப்பிடுவது? பொறாமையில் புலம்புகிறான் என்பார்கள். பொறாமைதான். அதை மற்றவர்கள் சொன்னால் அவனுக்குப் பிடிக்காது.

ஆகவே கதையையே பிடித்துக் கிழித்தான்.

'நண்பன் அடிவாங்கும்போது எந்தப் பிள்ளையாவது போனைப் பிடித்துக்கொண்டு நிற்குமா? ஓடிப்போய்த் தடுக்காதா? கதை எழுதியவர் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை போலும். படப்பிடிப்பு சுமார். கதை குப்பை. இதைப் பார்க்கும் பிள்ளைகள் அடிக்கத்தான் பழகுவார்கள்.'

போனைக் கீழே வைத்தால் அடுத்த அடி தனக்கு என்று அந்தப் பிள்ளைக்குப் பயம். அது நௌபரை விட நன்றாக யாருக்குத் தெரியும்? தேநீர்க் கடையில் அந்த இடத்தைத் தர்சனுக்கு விளக்கிச் சொன்னதே அவன்தான்.

மண்டபத்தில் கைதட்டல் எழும்பியது. அடங்குகிற மாதிரி இல்லை. கேட்கக் கேட்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'குப்பை'யைப் 'படு குப்பை' ஆக்கிப் பதிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தர்சன்.

"மச்சான், விமர்சனம் வாசிச்சன். நீ எதைப் போட்டாலும் போன் எனக்கு உடன காட்டும்."

"மனசில பட்டதை எழுதினன்."

"ஓம், அது உன்ர உரிமை. படப்பிடிப்பு சுமார் எண்டது உண்மைதான். அது இருக்கட்டும். கதை எழுதினவரைப் பற்றின துண்டை மட்டும் எடுத்துவிட ஏலுமா?"

"ஏன், அவருக்கு நொந்திடுமோ?" என்றான் நௌபர் நக்கலாக.

 போனில் தர்சனுக்குப் பின்னால் சனத்தின் இரைச்சல் கேட்டது.

"இந்த மாதிரிப் படத்துக்கு முன்னுக்குப் பெயர் போட ஏலாது, மச்சான். எல்லாம் கடைசியிலதான் போட்டனாங்கள். முதல் பெயர் உன்ரதான். 'கதை: நௌபர்' எண்டு தனியா. நீ பார்த்துச் சந்தோசப்படவேணும் எண்டுதான் இவ்வளவு நாளும் வாய் திறக்காம இருந்தனான்."

நௌபர் கட்டுச்சுவரிலிருந்து எழும்பினான்.

"மேடைக்குக் கூப்பிட்டம், உன்னைக் காணேல்ல. சுஹைராதான் ஏறி நிக்கிறா. சனம் இன்னும் ஒருத்தரும் போனைத் திறக்கேல்ல. கெதியா அதை அழிச்சுப்போட்டு உள்ளுக்கு வா."