பனிக்கட்டியில் வைத்த வெப்பமானி

பேராசிரியர் தில்லைநாயகியின் ஆய்வுக்கூடத்தில் ஒரு வெப்பமானியும் ஒரு பழைய குளிர்பெட்டியும் இருந்தன. பப்பாளிப் பாலில் உள்ள நொதி புரதத்தை எப்படி வெட்டுகிறது என்று அவர் இருபத்தாறு வருடமாக ஆராய்ந்துவந்தார். நொதியின் எந்த இடம் வெட்டுகிறது என்று அவர் எழுதிய கட்டுரைதான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது.

ஓய்வுபெறும் வருடத்தில், ஒரு சோதனையின் முடிவு அந்தக் கட்டுரைக்கு நேர்மாறாக வந்தது.

"போச்சு! சூட்டைத் தப்பாகக் காட்டினேன் என்று பழியை என் மேல் போட்டு, குப்பையில் எறிந்துவிடுவார்" என்று வெப்பமானி நடுங்கியது.

"அவசரப்படாதே, பார்ப்போம்" என்றது குளிர்பெட்டி.

தில்லைநாயகி வெப்பமானியை உருகும் பனிக்கட்டியில் வைத்துப் பார்த்தார். அது சரியாகப் பூஜ்யம் காட்டியது. சோதனையை மேலும் நான்கு முறை செய்தார். முடிவு மாறவில்லை. அவர் தன் பழைய கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெப்பமானிக்கு மனசு கேட்கவில்லை. "பனிக்கட்டியில் நான் இரண்டு டிகிரி கூட்டிக் காட்டியிருக்கலாம் அண்ணே. பழி என்னோடு போய், அவர் பேராவது பிழைத்திருக்கும்."

"அப்படிப் பிழைக்க ஆசை இருந்தால், உன்னைப் பனிக்கட்டியில் வைத்தே இருக்கமாட்டார்."

தில்லைநாயகி எழுந்தார். தன் கட்டுரை தவறு என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து பப்பாளிப் பால் குப்பியை வெளியே எடுத்தார்.

"அப்போ எந்த இடத்தாலதான் வெட்டுறே நீ?" என்று சிரித்தபடியே அதனிடம் கேட்டார். "இப்பவாவது சொல்லு."