மூன்றாவது செட்

“இது யாரோ போட்டுக் கழட்டின துணி.”

நாளைக்கு மேடம் பையிலிருந்து யூனிஃபார்மை எடுத்து வெட்டும் மேசைமேல் போட்டார். அம்மா மிஷின் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

நாளைக்கு மேடம் என்பது அம்மா வைத்த பெயர். பாக்கியை எப்போது கேட்டாலும் நாளைக்கு. அவர் மகளுக்கு முதல் இரண்டு செட் தைத்துக் கொடுத்து இரண்டு மாதமாகிறது. மூன்றாவது செட் வரட்டும், மொத்தமாகத் தருகிறேன் என்றிருந்தார். நேற்று அதுவும் போய்ச் சேர்ந்துவிட்டது.

பணம் தர வேண்டிய நேரம் வந்தால் அவருக்கு ஒரு குறை கிடைத்துவிடும். ஒரு முறை பட்டன் நிறம் சரியில்லை. மாற்றிக் கொடுத்தோம். பிறகு பாவாடை நீளம். மடித்துத் தைத்தோம். அடுத்த வாரமே குட்டை என்று திரும்பி வந்தது. பிரித்துவிட்டோம். அவர் படி இறங்கும் வரை அம்மா வாயைத் திறக்கவில்லை. இறங்கிய பிறகு, ஒரே வாரத்தில் இப்படி வளர்கிற பிள்ளைக்கு என்ன போடுகிறார்களாம், நமக்கும் கொஞ்சம் கொடுத்தனுப்பச் சொல் என்றாள்.

அந்தப் பாக்கிக்கு ஒரு வேலை காத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டணத்தைக் கட்டினால், அவர் மகள் படிக்கிற அதே பள்ளியில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். போன வருடம் கட்டணம் கட்ட வேண்டிய வாரத்தில் ஒருத்தர்கூடப் பாக்கி தரவில்லை. ஒரு மாதம் வீட்டில் இரு என்றாள் அம்மா.

அந்த மாதம் இன்னும் முடியவில்லை.

அதனால் இந்த முறை அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருடமாகத் தைக்கிறேன், ஒருத்தர் துணியை இன்னொருத்தர்மேல் வைத்துப் பார்த்ததுகூட இல்லை என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். அவளுக்குக் கோபம் என்றால் அதுதான் அடையாளம்.

மேடம் அந்த யூனிஃபார்ம் சட்டையின் காலரைத் தூக்கிக் காட்டினார். வியர்வை வாடை. பாவாடையின் ஓரத்தைக் காட்டினார். தெருத் தூசி. இதை நாலு பேரிடம் சொன்னால் இங்கே யார் துணி கொடுப்பார்கள் என்று கேட்டார்.

அம்மா பாவாடையை வாங்கி மேசையில் விரித்தாள். ஒவ்வொரு மடிப்பாக விரலை ஓட்டிக்கொண்டு போனாள். முன்பக்கம் எல்லாம் கத்தி மாதிரி நின்றது. திருப்பிப் போட்டாள்.

பின்பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

நான் மூலையில் யாருடைய சட்டைக்கோ பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். நூல் எப்போதோ தீர்ந்திருந்தது. வெறும் ஊசியைக் குத்திக் குத்தி இழுத்துக்கொண்டிருந்தேன்.

நின்றாலும் நடந்தாலும் அந்த மடிப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. ஓர் உதறு உதறினால் திரும்பிவிடும். பின்பக்கம் மட்டும் நசுங்கிக் குறுக்கே கோடு விழ வேண்டுமென்றால், பலகைமேல் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். தைக்கிறவர்களுக்கு அது தெரியும்.

எனக்கும் தெரியும். நேற்றுக் காலையில் லைனிங் துணி வாங்கிக்கொண்டு, அப்படியே மேடம் வீட்டிலும் இந்த செட்டைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வருகிறேன் என்று கிளம்பியது நான்தான். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் அங்கேயே கழற்றி, உதறி, மடிப்போடு மடிப்பு சேர்த்து வைத்தேன். இஸ்திரிப் பெட்டிக்கு எங்கே போவேன்?

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

“ஆமா மேடம். அளவு சரியா வரணும்னு என் பொண்ணுக்குப் போட்டுப் பாத்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே உடம்பு. தப்பு என்மேலதான். இந்த செட்டுக்குக் காசு வேணாம்.”

பன்னிரண்டு வருடம் ஒரே மூச்சில் போய்விட்டது.

மேடம் நிம்மதியாகச் செருப்பை மாட்டினார். மற்ற இரண்டு செட்டுக்கு நாளைக்கு என்றார். அம்மா எழுந்து போய் வாசலில் நின்றாள். அந்த இரண்டையும் உங்கள் பெண் இரண்டு மாதமாகப் போட்டுக்கொண்டுதானே போகிறாள், அதில் ஒரு குறையும் இல்லையே, இன்றைக்கே கொடுத்துவிடுங்கள் என்றாள். சொல்லிவிட்டு நகரவில்லை. மேடம் அவளைச் சுற்றிக்கொண்டு போக இடம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பர்ஸைத் திறந்தார்.

அவர் போன பிறகு அம்மா பணத்தை டிராயரில் போட்டு மூடினாள். வெள்ளிக்கிழமைக்கு அது போதாது. ஒரு செட் குறைகிறது. எங்கள் இரண்டு பேருக்கும் எண்ணாமலேயே தெரியும்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மிஷினில் உட்கார்ந்து ஒரு கைப்பகுதியை ஓட்டினாள். இன்னொன்றை எடுத்தாள். பாதித் தையலில் சக்கரத்தில் கையை வைத்து நிறுத்தினாள்.

“எந்தப் பீரியட் வரைக்கும் இருந்தே?”

துணியைப் பார்த்தபடியேதான் கேட்டாள். போன வருடம் நான் பையை இறக்கி வைக்கும்போது, இன்றைக்கு என்ன நடத்தினார்கள் என்று கேட்பாளே, அதே குரல்.

“கடைசி பீரியட் வரைக்கும்மா.”

“முழு நாளா,” என்றாள். சிரிக்கவில்லை, ஆனால் முகம் இளகியது. கணக்கு வாத்தியார் எதுவும் கேட்கவில்லையா என்றாள். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

நான் பொய் சொல்லவில்லை. பள்ளிக்கு எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் ஒரு பலகை கிடக்கிறது. அங்கே உட்கார்ந்தால் எல்லா மணியும் கேட்கும்.